வைக்கோலக்காவும் புதுசும்

அவளுடைய கல்யாணப் போட்டோவை நான் பார்த்திருக்கிறேன். புதுத்துணி, பூ, அலங்காரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. காதுக்கு மேலே மட்டும் ஒரு வைக்கோல் துண்டு நீட்டிக்கொண்டு நிற்கிறது. "போட்டோக்காரர் அதை எடுத்துப் போட்டாரு. அவர் கேமராகிட்ட போறதுக்குள்ள இன்னொண்ணு முளைச்சிடுச்சு" என்று அவள் புருஷன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். லாயத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அவள் வைக்கோலக்கா. எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். ஆயுளில் பாதியை மற்றவர்களின் படுக்கையறைகளில் கழித்திருக்கிறேன். எதையாவது கண்டு வாய் பிளந்து நின்றால் இந்த வேலை நடக்காது. அதற்குள் கஞ்சி ஆறிவிடும், படுக்கை நனைந்துவிடும். ஆனாலும் அந்த வீட்டில், கையில் ஈரத்துணியோடு வேலையை மறந்து நான் நின்ற நேரங்கள் உண்டு. அதற்குக் காரணம் வைக்கோலக்காதான்.

டயர் கடைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்து முடிகிற இடத்தில் மரக்கதவு. உள்ளே இடப்புறம் வீடு, வலப்புறம் லாயம், நடுவில் வேலி போட்ட மணல் வட்டம். சரக்கு இழுக்கும் இரண்டு பெரிய குதிரைகளும், பிள்ளைகள் ஏறிப் பழகுவதற்கு ஒரு மட்டக்குதிரையும் இருந்தன. எல்லாம் அவளுடைய அப்பா கட்டியது. ஒரே மகள் சாணி அள்ளக் கூடாதென்று அவர் அவளை டைப்பிங் வகுப்பில் சேர்த்துவிட்டாராம். பரீட்சை நடந்தபோது அவள் தலையிலிருந்து ஒரு வைக்கோல் விழுந்து மெஷினுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. மெஷின் நின்றது, பரீட்சையும் நின்றது. மறுநாள் காலையில் அவள் லாயத்தில் வாளியோடு நின்றாள். 

புருஷன் பஸ் ஓட்டுகிறவர். நல்ல மனிதர். ஆனால் குதிரை மயிர் பட்டால் தும்மல் நிற்காது. ஒன்று இரண்டோடு முடியாது, சந்து முனையில் நிற்கிற ஆள் திரும்பிப் பார்க்கும்வரை தும்முவார். அதனால் வைக்கோலக்கா குளித்து உடை மாற்றாமல் வீட்டின் முன்னறைக்குள் நுழைவதில்லை.

"உலகத்துல எத்தனையோ பொண்ணு இருந்தும் எனக்குன்னு ஒண்ணு கிடைச்சுது பாருங்க" என்பார் என்னிடம்.

"உங்களை யாரு கட்டிக்கச் சொன்னா? பஸ்ஸைக் கட்டிக்கிட்டிருக்கலாமே" என்பாள் அவள் பின்கட்டிலிருந்து.

"பஸ்ஸு பேசாதே."

"ஹாரன் அடிக்குமே."

நான் அங்கே போனது அவளுடைய அப்பாவுக்காக. அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு போகவில்லை. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. தட்டில் வலப்பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்பார். தட்டைத் திருப்பி வைத்தால் மிச்சமும் உள்ளே போகும். இடப்பக்கத்திலிருந்து யாராவது பேசினால் வலப்பக்கச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். ஒருநாள் தன் இடது கையைத் தூக்கிக் காட்டி, "ஏம்மா நர்ஸு, இது யாரோடது? படுக்கையிலேயே விட்டுட்டுப் போயிட்டாங்க. பாவம், தேடிக்கிட்டிருப்பாங்க. குடுத்தனுப்பு" என்றார். இப்படிப்பட்ட நோயாளிகளை முன்பே பார்த்திருக்கிறேன், அதனால் சிரிக்கவில்லை. "சரிங்க, வந்தா குடுத்துடறேன்" என்று சொல்லி அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்தேன்.

அவருடைய கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். மணல் வட்டம் முழுவதும் அதிலிருந்து தெரியும். எனக்கு முழுவதும், அவருக்கு வலப்பாதி மட்டும்.

சனிக்கிழமைதோறும் தையல்காரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. குள்ளமாக, காது பெரிதாக இருப்பாள். லாயத்தில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். நாய், பலூன், லிஃப்ட், வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பது, இப்படி அவள் பயப்படாத விஷயத்தைத் தேடத்தான் வேண்டும். எப்படியோ குதிரை மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. காரணம் ஒத்தைக்கண்ணன்.

ஒத்தைக்கண்ணன் அந்த லாயத்தின் பழைய மட்டக்குதிரை. வாங்கும்போதே இடது கண் கிடையாது. வைக்கோலக்கா பாவாடை கட்டிய காலத்திலிருந்து அங்கே இருக்கிறது. அதன் முதுகில் எத்தனையோ பிள்ளைகள் வளர்ந்து போயிருக்கிறார்கள். சுண்டெலி அதன்மேல் உட்கார்ந்தால் முதுகு நிமிர்ந்துவிடும், குரல் கூடக் கொஞ்சம் கனத்துவிடும். வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் சுருண்டு கிடந்துவிட்டு, சனிக்கிழமை ஒரு மணி நேரம் விரிந்துகொள்வாள் என்று அவளுடைய அப்பா சொன்னார்.

அந்த வருஷம் ஒத்தைக்கண்ணனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. இனி யாரையும் சுமக்கக் கூடாது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். அதைப் பின்பக்கக் கொட்டகையில் ஓய்வாக விட்டுவிட்டு, தரகர் ஒருவரிடமிருந்து வேறொரு மட்டக்குதிரையை வரவழைத்தாள் வைக்கோலக்கா. செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, வயசு குறைந்த பெண்குதிரை. "மாசக் கடைசிவரைக்கும் வெச்சுப் பாருங்க. ஒத்து வரலைன்னா வந்து ஓட்டிக்கிட்டுப் போயிடறேன். ரொம்ப சாது" என்று சொல்லிவிட்டுப் போனார் தரகர். நிலைக்குமா என்று தெரியாத குதிரைக்குப் பெயர் வைக்கிற வழக்கம் அந்த லாயத்தில் இல்லை. எல்லோரும் அதைப் புதுசு என்றார்கள்.

முதல் சனிக்கிழமையே கெட்டது. மணல் வட்டத்தின் ஓரத்தில், ஏறுவதற்கென்று ஒரு மரப்படி சிமெண்டில் பதித்திருந்தது. சுண்டெலி படியில் ஏறி, சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடியில் கால் வைத்து, மறுகாலைத் தூக்கினாள். புதுசு உடம்பு வெடவெடக்க அப்படியே ஒதுங்கியது. பிள்ளை படிக்கும் குதிரைக்கும் நடுவே வழுக்கி இறங்கிவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நான் கழுவி மருந்து போட்டேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அழுகிற பிள்ளை தேறிவிடும். இவள் உதட்டை மடித்துக்கொண்டு, "நான் இனிமே வரலை" என்றாள், கணக்கை முடிக்கிற பெரிய மனுஷி மாதிரி.

தையல்காரர் பதறினார். "அவ பேச்சைக் கேக்காதீங்கக்கா. பிடிச்சு ஏத்தி விடுங்க. ஒரு தடவை உக்காந்துட்டா பயம் போயிடும்."

"உங்க மெஷினுக்கு அடியில என் கையைப் பிடிச்சு வெச்சா எனக்குத் தையல் வந்துடுமா?" என்றாள் வைக்கோலக்கா. பிறகு அவள் பிள்ளையிடம் குனிந்து, "ஏற வேணாம். ஒத்தைக்கண்ணனைப் பாக்க வரலாம்ல? அது உன்னைக் கேக்கும்" என்றாள்.

அதற்காகத்தான் சுண்டெலி மறுபடி வந்தாள்.

அடுத்து நடந்ததுதான் என்னை முதலில் நிறுத்திய விஷயம். பயப்படாதே என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஆபரேஷனுக்குப் போகிறவர்களிடம், ஊசிக்குக் கை நீட்டுகிறவர்களிடம், சாகக் கிடப்பவர்களிடம் கூட. வைக்கோலக்கா அந்த வார்த்தையை ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. புதுசை வேலியோரம் கட்டிவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

"பயமா இருக்கா?"

"ம்."

"எங்க இருக்கு?"

சுண்டெலி யோசித்தாள். தன் உடம்புக்குள்ளேயே தேடிப் பார்ப்பது போலிருந்தது. "வயித்துல."

"கையில?"

"கையில இல்ல."

"அப்ப கை சும்மாதானே இருக்கு? இந்த பிரஷ்ஷைப் பிடி. வயிறு அது பாட்டுக்குப் பயப்படட்டும்."

பிள்ளை பிரஷ்ஷைப் பிடித்தாள். நான் ஜன்னலருகே ஈரத்துணியோடு நின்றுவிட்டேன். வலி எங்கே என்று கேட்கப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். பயம் எங்கே என்று கேட்கலாமென்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் புதுசு ஒத்துழைக்கவில்லை. பிரஷ் பட்டவுடன் தோல் சிலிர்த்து, பின்னங்கால் நகர்ந்து, வேலியோடு ஒட்டிக்கொண்டது. சுண்டெலி பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினாள். இப்படியே வாரங்கள் போயின. வைக்கோலக்கா குதிரையின் பல்லைப் பார்த்தாள், முதுகை அழுத்திப் பார்த்தாள், சேணத்தை மாற்றினாள், லாடக்காரரை வரவழைத்துக் குளம்பைக் காட்டினாள். குறை ஒன்றும் இல்லை. முன்னால் நடந்து இழுத்தால் பசுங்கன்று போலக் கூட வந்தது. யாராவது பக்கத்தில் போய் நின்றால் நடுங்கியது.

"தரகர் பொய் சொல்லலை. சாதுவான குதிரை நடுங்குது. அதுதான் எனக்குப் புரியலை" என்றாள் என்னிடம், அப்பாவின் வலப்பக்கம் உட்கார்ந்து அவருக்கு ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தபடி.

"திருப்பி அனுப்பு" என்றார் அவர்.

"அனுப்பிடலாம்ப்பா. அந்தப் பிள்ளை தன்னாலதான் அதை அனுப்பிட்டாங்கன்னு நினைச்சுக்கும். அப்புறம் எந்தக் குதிரையையும் தொடாது. வேற எதையுமே தொடாது. அதுதான் எனக்குக் கவலை."

தரகர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு முந்தின நாள், கடைசிச் சனிக்கிழமை. சுண்டெலி ஒத்தைக்கண்ணனுக்குக் காரட் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எங்கள் அறைக்குள் வந்தாள். பானை கட்டிலுக்கு இடப்பக்கம் இருந்தது. குடித்துவிட்டு, பெரியவருக்கும் ஒரு டம்ளர் மொண்டு, அந்தப் பக்கத்திலிருந்தே நீட்டினாள். அவர் கண்டுகொள்ளவில்லை. நல்ல பிள்ளை, இன்னும் கிட்டே போய் அவர் தோளைத் தொட்டாள்.

அவர் தூக்கிவாரிப்போட்டு அலறினார். தண்ணீர் படுக்கை முழுதும் கொட்டியது. பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு வைக்கோலக்கா ஓடி வந்து அறை வாசலில் நின்றாள். நான் விரிப்பை உருவிக்கொண்டே சொன்னேன்: "உன் மேல தப்பில்ல. அந்தப் பக்கம் அவருக்குக் கிடையாது. அங்கருந்து போனா, எங்கிருந்தோ ஒரு கை திடீர்னு வந்த மாதிரி இருக்கும். இந்தப் பக்கமா வா. மொதல்ல முகத்தைக் காட்டு, அப்புறம் தொடு."

அவள் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தாள். பெரியவர் அவளைப் பார்த்ததும், "அட, சுண்டெலியா! எப்ப வந்தே?" என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

பிள்ளை அவரைப் பார்த்தாள், கட்டிலின் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

"அக்கா, புதுசுக்கு எந்தப் பக்கம் கிடையாது?"

"அதுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தானே இருக்கு கண்ணு" என்று ஆரம்பித்த வைக்கோலக்கா அப்படியே நின்றாள். வலது கை தானாக உயர்ந்து காற்றில் எதையோ பிடிக்கப் போனது. சேணம் மாட்டும் கை அது. அந்தக் கையை அவள் யாருடையதோ போலப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

விஷயம் இதுதான். குதிரையை இடப்பக்கமாக நெருங்கி, இடப்பக்கமாக ஏறுவதுதான் எங்குமுள்ள வழக்கம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் ஒத்தைக்கண்ணனுக்கு இடது கண் இல்லை. அதனால் அந்த லாயமே வலப்பக்கமாக மாறிவிட்டது. சேணம் மாட்டும் ஆணி, ஏறும் படி, வாளி வைக்கும் கல் எல்லாம் வலப்பக்கம். அங்கே ஏறக் கற்ற பிள்ளைகள் எல்லோரும் வலப்பக்கமாக ஏறக் கற்றவர்கள். சுண்டெலியும் அப்படித்தான். எங்கேயோ ஒழுங்காக வளர்ந்து வந்த புதுசுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் கிட்டே வந்ததே இல்லை. வேலியில் கட்டும்போது கூட அதன் இடப்பக்கத்தை வேலியோடு சேர்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். தனக்குத் தெரியாத பக்கத்திலிருந்தே வாரக்கணக்கில் எல்லோரும் அதைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று லீவில் வீட்டிலிருந்த புருஷனைக் கூப்பிட்டு, "கடப்பாரை எடுங்க. ஏர்ற படியைத் தோண்டி இடம் மாத்தணும்" என்றாள். அவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். சிமெண்டை இரண்டு இடி இடித்தார், நான்கு தும்மல் தும்மினார், நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் தோண்டணும்? வண்டியைத் திருப்பி நிறுத்தினா வாசல் இந்தப் பக்கம் வந்துடுமே?"

எல்லோரும் அவரைப் பார்த்தோம். வைக்கோலக்கா புதுசின் கயிற்றைப் பிடித்து, எதிர்ப்புறம் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். படி இப்போது அதன் இடப்பக்கத்தில் இருந்தது.

"பஸ்ஸைக் கட்டிக்கிட்டது நானு" என்றாள். அவர் பெருமையாகத் தும்மினார்.

வேறு யாராக இருந்தாலும் அடுத்ததாகப் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்திருப்பார்கள். அவள் கயிற்றைச் சுண்டெலியின் கையில் கொடுத்தாள்.

"கண்டுபிடிச்சது நீ. எனக்கு அந்தப் பக்கம் பழக்கமில்ல. நீ சொல்லு, நான் செய்யறேன்."

"எனக்கும் தெரியாதே?"

"நர்ஸம்மா உனக்கு என்ன சொன்னாங்க?"

"மொதல்ல முகத்தைக் காட்டு. அப்புறம் தொடு."

"சரி, முகத்தைக் காட்டியாச்சு." வைக்கோலக்கா புதுசின் முன்னால் நின்று தன் மூஞ்சியை ஆட்டிக் காட்டினாள். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், கால் தானாக வலப்பக்கம் போனது.

"அக்கா! தப்பு! அந்தப் பக்கம்!"

"அய்யோ, ஆமா." திரும்பி வந்தாள். சேணத்தின் வாரை இழுக்கும்போது தவறான கையை நீட்டினாள். "அந்தக் கை இல்லக்கா, அந்தக் கை!" என்றாள் சுண்டெலி. வாளியை எடுக்கப் போய் மறுபடி வலப்பக்கம் நின்றாள். "உங்களுக்குக் காதே கேக்காதா?" என்று அதட்டினாள் சுண்டெலி. லிஃப்டுக்குப் பயப்படுகிற பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, லாயத்தை நடத்துகிற ஒரு பொம்பளையை அதட்டுகிறாள்!

பிள்ளைக்காக நடிக்கிறாளோ என்று நான் ஜன்னலிலிருந்து உற்றுப் பார்த்தேன். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்கு நடக்கக் கற்றுக் கொடுத்தவள் நான். பழகிய உடம்பு எப்படித் தடுமாறும் என்று எனக்குத் தெரியும். அவள் நடிக்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே வரவில்லை. வராததை மறைக்காமல், எட்டு வயசுப் பிள்ளைக்கு முன்னால், அந்தப் பிள்ளையிடமே கற்றுக்கொண்டாள். பயிற்சியில் பெரிய பெரிய டாக்டர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்தத் துணிச்சலை நான் கண்டதில்லை.

புதுசு நடுங்கவில்லை. காதைப் பின்னால் திருப்பி, இடப்பக்கம் நடக்கும் கூத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது.

மறுநாள் தரகர் கயிற்றோடு வந்து வேலியருகே நின்றார். தையல்காரரும் வந்திருந்தார். கை பிசைய ஏதாவது வேண்டுமே என்று கழுத்தில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். சுண்டெலி முதலில் புதுசின் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள். கழுத்தைத் தடவினாள். பிறகு படியில் ஏறினாள். அங்கே நின்றுவிட்டாள்.

இத்தனை நாளும் வலது காலை வைத்து ஏறியவள், இன்று இடது காலை வைக்க வேண்டும்.

"இப்ப எங்க இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள் வைக்கோலக்கா.

"முழங்கால்ல."

"ரெண்டுலயுமா?"

"...இதுல மட்டும்."

"அப்ப மத்ததை மொதல்ல அனுப்பு. இது பின்னாலயே வந்துடும்."

எந்த முழங்காலில் இருந்ததென்று எனக்குத் தெரியவில்லை. இடது கால் அங்கவடிக்குள் போனது. வலது கால் ஒரு கணம் காற்றில் தொங்கியது. பிறகு அவள் மேலே இருந்தாள். புதுசு ஒரு மூச்சு விட்டது, அவ்வளவுதான். வைக்கோலக்கா கயிற்றை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். குதிரை நடக்க ஆரம்பித்தது.

தரகர் தன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். தையல்காரர் அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் பெரியவரின் தலையணையை உயர்த்தி அவரை நிமிர்த்தி உட்கார வைத்தேன். அப்போது கண்டதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, கண்டபடியே சொல்கிறேன். குதிரை வட்டத்தின் வலப்பாதியில் வந்தபோது அவர் முகம் மலர்ந்தது. "பாரு, பாரு, யாரோ ஒரு பிள்ளை! என்னமா உக்காந்திருக்கா!" என்றார். அது இடப்பாதிக்குள் போனதும் அவருக்கு அது இல்லாமலே போய்விட்டது. தேடக்கூட இல்லை. வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சுற்றி மறுபடி வலப்பாதிக்குள் நுழைந்ததும், "அட, இங்க பாரும்மா! இன்னொரு பிள்ளை! இதுவும் நல்லா உக்காந்திருக்கே! என் மக இத்தனை பேருக்கா சொல்லிக் கொடுத்தா?" என்றார்.

ஒவ்வொரு சுற்றுக்கும் அவருக்கு ஒரு புதுக் குதிரை, பயம் விட்ட ஒரு புதுப் பிள்ளை. ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து அவை வந்துகொண்டே இருந்தன. அவர் எண்ணிக்கொண்டே இருந்தார்.

"ஆமாங்க. எல்லாருக்கும் அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றேன்.

மருந்து நேரம் தாண்டிவிட்டது. நான் நகரவில்லை.

குதிரை நிலைத்துவிட்டதால் பெயர் வைத்திருக்க வேண்டும். சுண்டெலியைக் கேட்டார்கள். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அவளுக்கே கல்யாண வயசு. குதிரைக்கு மூக்கு நரைத்துவிட்டது. அந்தச் சந்தில் இன்றைக்கும் அதன் பெயர் புதுசுதான்.